எஃகோடு அலுமினியம் சேர்ந்த கதை

கார் பாடியில் எஃகையும் எஃகையும் சேர்ப்பது எளிது. இரண்டு தகடுகளைச் செம்பு முனைகளுக்கு நடுவே இறுக்கி மின்சாரம் பாய்ச்சினால் தொட்ட இடம் உருகி ஒன்றாகிவிடும். ஸ்பாட் வெல்டிங் என்பது இவ்வளவுதான். எஃகோடு அலுமினியத்தைச் சேர்க்க இந்த வித்தை எளிதில் பலிக்காது. அலுமினியம் 660 டிகிரி செல்சியசிலேயே உருகும். எஃகு உருக ஏறக்குறைய 1500 டிகிரி வேண்டும். இரண்டும் உருகிக் கலந்தாலோ, நடுவில் அப்பளம் போல நொறுங்கும் படலம் உண்டாகும்.

1948இல் பிரிட்டனில் வெளிவந்த லேண்ட் ரோவர் இரண்டையும் ரிவெட்டிலும் போல்ட்டிலும் சேர்த்தது. போருக்குப் பின் அங்கே எஃகுக்குப் பங்கீடு; அலுமினியம் தாராளம். அதனால் சேசிஸ் எஃகில், மேல் தகடுகள் பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில். துருப்பிடிக்காத வண்டி என்று பெயர் கிடைத்தது. அது பாதி உண்மைதான். இரு உலோகமும் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் அந்த இடமே சிறு பேட்டரியாகி, அலுமினியத்தை அரிக்கும். கதவின் கீழ் விளிம்பில் பெயின்ட் கொப்பளிக்கும். சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிரும்.

ஆக, சேர்க்கவும் வேண்டும், தொடவும் விடக்கூடாது. இரண்டுக்கும் பசை உதவியது. இங்கிலாந்தின் டக்ஸ்போர்டில் நார்மன் டி புருயின் 1940களின் தொடக்கத்தில் உருவாக்கிய ரிடக்ஸ் பசை, டி ஹாவிலண்ட் ஹார்னெட் விமானத்தில் மரத்தையும் அலுமினியத்தையும் ஒட்டியது. அந்த வழி கார்களுக்கு நிதானமாகத்தான் வந்தது. 1996இன் லோட்டஸ் எலீஸில் அலுமினியச் சட்டம் முழுவதும் எபாக்சியால் ஒட்டப்பட்டிருந்தது.

பசை இறுகும்வரை பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே? அதற்குத் துளை போடாமலே அடிக்கும் ரிவெட் வந்தது. மேல்தகட்டைக் குத்தி இறங்கும் குழல், அடித்தகட்டைத் துளைக்காமல் அதற்குள்ளேயே கால் விரித்து நிற்கும். பின்புறம் தடவினால் பொத்தான் அளவுக்கு ஒரு மேடு. நெருப்புப் பொறி கிடையாது. ஆடி ஏ8 (1994) அலுமினியப் பாடியில் இதைப் பெருமளவில் பயன்படுத்தியது. 2003இன் பிஎம்டபிள்யூ 5 சீரிஸில் அலுமினிய முன்பகுதியை எஃகுக் கூட்டோடு பிணைத்தவை ரிவெட்டும் பசையும்தான். பெயின்ட் அடுப்பின் சூட்டிலேயே பசை இறுகிவிடுவது ஒரு வசதி; அதே சூட்டில் அலுமினியம் எஃகைப் போல இரு மடங்கு விரிவது தொல்லை.

1991இல் கேம்பிரிட்ஜ் அருகே, சுழலும் முனையால் உலோகத்தை உருக்காமல் களி போலப் பிசைந்து சேர்க்கும் முறை பிறந்தது. 2012இல் ஹோண்டா இதைக் கொண்டு அக்கார்டின் முன்புறத் தாங்குசட்டத்தில் எஃகையும் அலுமினியத்தையும் இணைத்தது. அடுத்த ஆண்டு வந்த பிஎம்டபிள்யூ ஐ3யில் கார்பன் இழைக் கூடு அலுமினியச் சட்டத்தின்மேல் உட்கார்ந்தது. கார்பனிலும் மின்சாரம் பாயும். ஈரம் பட்டால் இங்கும் அரிபடுவது அலுமினியம்தான்.