கோணியும் போர்வையும்

கலையை மனக்காயத்துக்கு மருந்தாக்கும் சிகிச்சை, அமெரிக்காவின் லெஸ்லி கல்லூரியில் 1974-இல் முறையான பாடமானது. அதே ஆண்டு சிலியின் தலைநகர் சாந்தியாகோவில், ராணுவம் பிடித்துப்போன கணவனையும் மகனையும் தேடி அலைந்த பெண்கள் சிலர், திருச்சபைகளின் நிழலில் ஊசி நூலோடு உட்கார்ந்தார்கள். சிகிச்சை என்ற நினைப்பில் அவர்கள் உட்காரவில்லை. அழவும், நாலு காசு சம்பாதிக்கவும் ஓர் இடம் வேண்டியிருந்தது.

அவர்கள் தைத்தது ‘அர்பியேரா’. ஸ்பானிய மொழியில் கோணித்துணி என்று பொருள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், மேலே ஆண்டீஸ் மலை, அதன் தலையில் மஞ்சள் சூரியன். கீழே விரலளவு துணிப் பொம்மைகள்: மூடிய ஆலை வாசலில் ஆண்கள், பொதுச் சமையல் பானையைச் சுற்றிப் பெண்கள், ‘எங்கே அவர்கள்?’ என்று கேட்கும் பதாகை. காணாமல் ஆக்கப்பட்டவரின் சட்டையிலிருந்தே வெட்டிய துண்டும் சிலவற்றில் உண்டு. (காணாமல் ஆக்கப்பட்டவர் என்ற சொல்லை ஈழத்துத் தாய்மாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.) பின்புறம் ஒரு சிறு பையில் மடித்த சீட்டு. அதில் நடந்த கதை இருக்கும், தைத்தவள் பெயர் இருக்காது. பெயர் தெரிந்தால் அடுத்து அவளைத் தேடி வருவார்கள். 1976-இல் கர்தினால் சில்வா என்ரிக்கேஸ் நிறுவிய விக்காரியா என்ற மனித உரிமை அமைப்பு இவற்றை வாங்கி, பினோசேயின் ராணுவ அரசு கண்ணில் படாமல் வெளிநாடுகளில் விற்றது.

இதன் பக்கத்தில் அமெரிக்காவின் எய்ட்ஸ் நினைவுப் போர்வையை வைத்துப் பார்க்கிறேன். 1985 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ ஊர்வலம் ஒன்றில், எய்ட்ஸால் இறந்தவர்களின் பெயர் எழுதிய அட்டைகளை அரசுக் கட்டடச் சுவரில் ஒட்டினார்கள். ஒட்டுத்துணிப் போர்வை மாதிரி இருக்கிறதே என்று செயற்பாட்டாளர் கிளீவ் ஜோன்ஸுக்குத் தோன்றியது. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் புல்வெளியில் 1,920 துண்டுகள் விரிந்தன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு சவக்குழியின் அளவு.

இங்கே பெயர்தான் எல்லாம். அது பெரிய எழுத்தில் தைக்கப்பட்டது, ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. காரணம் எளிது. சிலியில் பெயர் இருந்தது, உடல் இல்லை. அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று அரசு சாதித்தது. அமெரிக்காவில் உடல் இருந்தது, பெயரைச் சொல்லத்தான் குடும்பமே கூசியது. சவ அடக்க நிலையங்கள் சில உடலைத் தொட மறுத்தன. எது மறுக்கப்பட்டதோ அதையே இரு நாட்டுத் தையலும் கேட்டது. குடும்பத்துக்கு அஞ்சி முதற்பெயரை மட்டும் தைத்த துண்டுகளும் அந்தப் போர்வையில் உண்டு; அவற்றில் சிலியின் அச்சம் எனக்குத் தெரிகிறது.

போர்வை கோபத்தை ஆற்றிவிடுகிறது என்று அன்றே சிலர் குறை சொன்னார்கள். 1992 அக்டோபரில் போர்வை விரிந்திருந்த அதே நாளில், எய்ட்ஸை அரசு கண்டுகொள்ளாததை எதிர்த்த ‘ஆக்ட் அப்’ இயக்கத்தினர் இறந்தவர்களின் சாம்பலை வெள்ளை மாளிகைப் புல்தரையில் கொட்டினார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் குறையை ஏற்க மனம் வரவில்லை. மகனின் பெயரைப் பொதுவெளியில் தைத்து வைத்த ஒரு தாய் அதற்கு முன்னும் பின்னும் ஒரே ஆளாக இருந்திருக்க முடியாது.

ஒரு வேறுபாடுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. போர்வைத் துண்டைத் தைத்து அனுப்பியவர் தன் துக்கத்துக்கு ஒரு முடிச்சுப் போட முடிந்தது. கோணியில் தைத்தவளுக்கு அந்த முடிச்சு இல்லை. ஒன்று முடிந்ததும் அடுத்த கோணியை எடுத்தாள். சிலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உடல் இன்னும் கிடைக்கவில்லை. அவர்களைத் தேடும் தேசியத் திட்டத்தை அரசு அறிவித்தது 2023 ஆகஸ்டில், பினோசேயை ஆட்சியில் ஏற்றிய ராணுவப் புரட்சி நடந்து ஐம்பது ஆண்டுகள் நிறையும் தறுவாயில். அதற்குள் தாய்மார் பலர் இறந்துவிட்டார்கள்.