டிராகுலாவின் தலைமுடி யாருடைய தலைமுடி?



ஒக்டோபர் மாதம் முடிகிற நேரம் வட்ஸ்அப்பில் படங்கள் வந்து குவியும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் உறவுகளின் பிள்ளைகள் ஹலோவீன் வேடம் போட்டு நிற்கிற படங்கள். பெடியள் கூடுதலாகப் போடுவது இரத்தக் காட்டேரி வேடம், அதாவது டிராகுலா. கறுப்பு மேலங்கி, பிளாஸ்டிக் பல்லு, எண்ணெய் வடிய மேவி இழுத்த தலை. ரீல்ஸ் வழியாக அது இப்போது தின்னவேலிக்கும் வந்துவிட்டது. "சேர், டிராகுலாவுக்குத் தலை எப்படி இழுக்கிறது?" என்று கேட்கிற மாணவர்களும் இருக்கிறார்கள்.

ஹலோவீன் நமது பெருநாள் அல்ல. அதில் எது கூடும், எது கூடாது என்பதை உலமாக்கள் சொல்வார்கள். சரித்திரம் படிப்பிக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியில் வேறொரு வேலை இருக்கிறது. அந்தத் தலைமுடி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் அது.

செய்முறை சின்னது. தலையை நனைத்து, ஜெல் அல்லது பிறில்கிறீம் தாராளமாகப் பூசி, உச்சி பிரிக்காமல் நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் நெருக்கமான சீப்பால் மேவி இழுக்க வேண்டும். நெற்றி நடுவில் கண்மையால் ஒரு கூர்முனை கீறலாம். காதோரம் பவுடர் தடவினால் நரை. பத்து நிமிட வேலை. ஆனால் அந்தத் தலை டிராகுலாவின் தலையாக ஆவதற்குப் பல நூறு வருடங்கள் எடுத்தன.

முதலில் உண்மையான ஆள். 15ஆம் நூற்றாண்டில், இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதியான வலாக்கியாவை ஆண்ட மூன்றாம் விளாட். 'டிராகுலா' என்றால் டிராகுலின் மகன்; அது தகப்பன் வழி வந்த பட்டம். சிறு வயதில் உஸ்மானிய அரசிடம் பணயமாக இருந்தவர். பிறகு 1462இல் சுல்தான் இரண்டாம் முஹம்மதின் படையோடு போரிட்டார். பிடிபட்டவர்களைக் கழுவேற்றிய கொடுமையால் துருக்கியர் அவரைக் 'கஸிக்லி', கழுவேற்றுகிறவன், என்று அழைத்தார்கள். ஒஸ்திரியாவின் அம்ப்ராஸ் கோட்டையில் அவருடைய பழைய ஓவியம் ஒன்று இருக்கிறது. தோளில் விழுகிற சுருள்முடி, தடித்த மீசை, முத்துப் பதித்த சிவப்புத் தொப்பி. கொடிய அரசன்தான். ஆனால் இரத்தம் குடிக்கிற பேய் அல்ல. மேவி இழுத்த தலையும் அல்ல.

அந்தப் பெயரை எடுத்து 1897இல் நாவல் எழுதியவர் அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர். நாவலில் முதலில் வருகிற பிரபு ஒரு கிழவர். நீண்ட வெள்ளை மீசை, அடர்ந்த புருவம், கன்னப்பொறியில் ஐதாகவும் மற்ற இடங்களில் அடர்த்தியாகவும் வளர்ந்த முடி. இரத்தம் குடிக்கக் குடிக்க இளமை திரும்பி, நரையும் கறுக்கிறது. எண்ணெய் மினுங்குகிற தலை அங்கேயும் இல்லை.

1922இல் ஜெர்மனியில் 'நொஸ்ஃபெராட்டு' என்ற ஊமைப்படம் வந்தது. ஸ்டோக்கரின் குடும்பத்திடம் அனுமதி பெறாமல் பெயர்களை மாற்றி எடுத்த அதே கதை. அதில் பேய்க்கு முடியே இல்லை. மொட்டைத் தலை, எலிப் பல்லு, நீண்ட மூக்கு, நீண்ட நகம். அவன் வருகிற கப்பலோடு எலிகளும் கொள்ளைநோயும் ஊருக்குள் வருகின்றன. அந்தக் காலத்து ஐரோப்பாவில் யூதர்களை இழிவுபடுத்தி வரைந்த கேலிச்சித்திரங்களின் சாயல் அந்த முகத்தில் இருப்பதாகப் பல ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். படம் எடுத்தவர்கள் அதை நினைத்து எடுத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாயலைப் பார்த்தவுடன் பயப்படுவதற்குச் சனம் ஏற்கெனவே பழக்கப்பட்டிருந்தது. 11 வருடம் கழித்து அதே நாட்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

அப்படியானால் இன்று பெடியள் கேட்கிற தலை எங்கே வந்தது? நாடக மேடையில்.

1924இல் இங்கிலாந்தில் ஹமில்டன் டீன் என்ற நடிகர் நாவலை நாடகமாக்கினார். நாவலில் பிரபு பெரும்பாலும் தூரத்தில், இருட்டில் திரிகிறவர். நாடகத்தில் அது சரிவராது. செலவைக் குறைக்கக் கதையின் பெரும்பகுதியை வீட்டு அறைகளுக்குள் கொண்டுவர வேண்டும். வரவேற்பறைக்குள் விருந்தாளியாக நுழைய வேண்டுமென்றால் பேய்க்கும் ஒரு கனவானின் தோற்றம் வேண்டும். அதனால் மாலை விருந்துக்குப் போடுகிற கறுப்புக் கோட் போட்டார்கள். மேலங்கியின் கொலரை உயர்த்தி வைத்ததற்கும் காரணம் உண்டு. நடிகர் சபைக்கு முதுகு காட்டி நின்றால் கொலர் தலையை மறைக்கும். மேலங்கி நிற்கும்போதே ஆள் நைசாக மேடையை விட்டு மறைந்துவிடலாம். மேடை வித்தைக்காக வைத்த கொலரைத்தான் இன்றைக்கும் பிள்ளைகள் கழுத்தில் கட்டுகிறார்கள்.

1927இல் அந்த நாடகம் நியூயோர்க் போனது. பிரபுவாக நடித்தவர் பெலா லுகோசி. ஹொலிவூட்டின் யுனிவர்சல் நிறுவனம் அதைப் படமாக்கி 1931 பெப்ரவரியில் வெளியிட்டபோதும் அவரே நடித்திருந்தார். அவருடைய தலைதான் இந்தத் தலை.

அது பேய்க்காக யாரும் புதிதாகக் கண்டுபிடித்த தலை அல்ல. 1920களில் மேற்கு நாடுகளில் மரியாதையான ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான் தலை இழுத்தான். 1926இல் இறந்துபோன நடிகர் ருடோல்ப் வலன்டினோவின் தலை உலகமெங்கும் அதைப் பரப்பியது. 1928இல் பேர்மிங்ஹாமில் பிறில்கிறீம் வந்தது. தண்ணீரையும் கனிம எண்ணெயையும் தேன்மெழுகால் சேர்த்துக் குழைத்த கிறீம் அது. முடியைப் படிய வைத்து மினுக்கமும் கொடுக்கும். லுகோசி தலையில் இருந்தது வங்கி எழுதுவினைஞர், டாக்குத்தர், புதுமாப்பிள்ளை எல்லோரும் வைத்திருந்த அதே முடி. நல்ல மனிதனின் தலையோடு பேய் வீட்டுக்குள் வந்து உட்காருகிறது என்பதுதான் அந்தக் கதை தந்த பயம். காலம் போகப்போக நாகரிகம் மாறியது. மற்றவர்கள் அந்தத் தலையை விட்டுவிட்டார்கள். பேயின் தலையில் மட்டும் அது நின்றுவிட்டது.

லுகோசியின் கதையையும் பிள்ளைகள் அறிய வேண்டும். இன்று ருமேனியாவில் இருக்கிற லுகோஜ் என்ற ஊரில் 1882இல் பிறந்த ஹங்கேரியர். 1919இல் அரசியல் மாற்றத்தில் நாட்டை விட்டு ஓடியவர். பிறகு அமெரிக்காவில் குடியேறினார். அவருடைய ஆங்கிலத்தில் இருந்த ஊர்ச்சாயல் பார்வையாளருக்குப் பயங்கரமாகக் கேட்டது. அந்தச் சாயலே பேய் பேசுகிற பாசை ஆகிவிட்டது. வேறு விதமான பாத்திரங்கள் அவருக்கு அரிதாகவே கிடைத்தன. 1956இல் இறந்தபோது அவரை அடக்கம் செய்ததும் டிராகுலா மேலங்கியோடுதான்.

இனி எங்கள் பக்கம் வருவோம். அதே 1930களில் தமிழ் உலகிலும் மேவி இழுத்த ஒரு தலை பிரபலமாக இருந்தது. எம். கே. தியாகராஜ பாகவதரின் தலை. 1934இல் 'பவளக்கொடி' படத்தில் நடிக்க வந்தவர். நெற்றியிலிருந்து பின்னுக்கு இழுத்துப் பிடரியில் புரள விட்ட அந்த முடிக்குப் 'பாகவதர் கிராப்' என்றே பெயர். இளைஞர்கள் அதைப் பார்த்து முடி வளர்த்தார்கள். குடுமி வைத்திருந்த பெரியவர்கள் அதைக் கண்டு முகம் சுளித்தார்கள். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. ஆனால் படம் வந்து சில வாரங்களிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947இல் குற்றமற்றவர் என்று விடுதலையாகி வந்தார். பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. ஊரே கொண்டாடிய தலை, ஒரு குற்றச்சாட்டு வந்தவுடன் ஊரே சந்தேகிக்கிற தலை ஆனது.

ஹொலிவூட்டில் பேய், தமிழில் காதல் நாயகன். இரண்டு பேரும் தலை இழுத்தது பின்னுக்குத்தான். முடியில் எதுவும் இல்லை. அதன்மேல் சனம் ஏற்றி வைக்கிற கதையில்தான் எல்லாம் இருக்கிறது.

தலையை வைத்து ஆளை அளந்த ஒரு சம்பவம் எங்கள் யாழ்ப்பாணத்தவர் ஒருவருக்கே நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து முஸ்லிம் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர், 1905இல் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் துருக்கித் தொப்பியோடு ஆஜரானார். தொப்பியோடு வாதாட முடியாது என்று பிரதம நீதியரசர் லேயார்ட் தடுத்தார். ஆங்கிலேயர் வழக்கில் தொப்பியைக் கழற்றுவது மரியாதை. முஸ்லிம்களின் வழக்கில் தலையை மூடுவது மரியாதை. அதே துணித் தொப்பி ஒருவருக்குப் பணிவு, மற்றவருக்கு அவமதிப்பு. அந்த வருடம் டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் பெரும் கூட்டம் கூடியது, மனுக்கள் போயின. முடிவில் தொப்பியோடு மன்றில் நிற்கிற உரிமை கிடைத்தது. கூச்சல் போட்டு வாங்கிய உரிமை அல்ல அது. எங்கள் தலை ஏன் இப்படி இருக்கிறது என்று பொறுமையாக விளங்கப்படுத்தி வாங்கியது.

ஹலோவீன் ஒக்டோபர் 31. அதற்கு முந்தின நாள், ஒக்டோபர் 30, யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு என்ன நாள் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 1990இல் அந்த நாளில் சோனகத்தெருச் சனத்துக்கு இரண்டு மணித்தியால அவகாசம்தான் கிடைத்தது. வடக்கு முழுவதிலும் 70,000க்கும் மேற்பட்டவர்கள் அந்த மாதம் வீடு வாசலை விட்டுப் போனார்கள். ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகத்துக்குரியதாகப் பார்க்கலாம் என்று தீர்மானித்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்த நாள் சாட்சி. அதே வருடங்களில் கொழும்பு வீதிச் சோதனைகளில் தமிழ் இளைஞர்கள் முகத்தையும் பேச்சையும் வைத்து மறிக்கப்பட்டார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தாடியும் உடையும் மீண்டும் சந்தேகப் பொருளாயின. இரண்டு சமூகத்துக்கும் இது அனுபவம். அதனால்தான் இரண்டு சமூகமும் வாசிக்கிற இடத்தில் இதை எழுதுகிறோம்.

முடி உள்ளவர் அதைப் பேணிக் கண்ணியப்படுத்த வேண்டும் என்பது நபிகளாரின் (ஸல்) போதனை. தலையைச் சுத்தமாக வைத்திரு, பாடசாலைக்குரிய ஒழுங்கில் வெட்டிவா என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது பெற்றோரும் ஆசிரியர்களுமாகிய எங்கள் பொறுப்பு. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தலையைப் பார்த்தவுடன் 'இவன் உருப்படமாட்டான்', 'இவன் காவாலி' என்று முடிவு கட்டுவது வேறு விசயம். குடுமிக்காரர் கிராப்பை அப்படிச் சொன்னார்கள். கிராப்புக்காரர் பாகவதர் முடியை அப்படிச் சொன்னார்கள். 70களில் நீள முடி வளர்த்தவர்களையும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்களில் எத்தனையோ பேர் இன்று எங்கள் ஊரின் மதிப்புக்குரிய பெரியவர்கள்.

பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுக்கலாம். வீட்டில் அப்பப்பா, அம்மப்பா, வாப்பப்பா, உம்மும்மா வீட்டுப் பெரியவர்கள் யாருடையதாவது 1940கள், 50களின் கலியாணப் படம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இடப்பெயர்வுகளில் பல வீடுகளில் அந்தப் படங்கள் தொலைந்துவிட்டன. இருந்தால் அதையும் டிராகுலா படத்தையும் பக்கத்தில் வைத்துத் தலையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கும். பிறகு அந்தப் பெரியவர் யார், என்ன தொழில் செய்தார், யாருக்கு உதவினார் என்று சொல்லிக் கொடுங்கள். படம் கிடைத்தவர்கள் எங்களுக்கும் அனுப்புங்கள், வகுப்பில் காட்டுவோம்.