பொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ்

பதுளை மாவட்டம் தியத்தலாவையில், ஏப்ரல் புத்தாண்டுக் காலத்தை ஒட்டி இராணுவம் நடத்திவந்த மண்தடப் பந்தயம். மோட்டார் சைக்கிள்களுக்கும் கார்களுக்கும் தடம் ஒன்றே, பந்தயங்கள் வேறு.

பெயருக்குக் காரணம் ஒரு நரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.எம்.எஸ். பொக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் இங்குள்ள குன்றுச் சரிவில் வெள்ளைக் கற்களால் நரியுருவம் பதித்தார்கள். ஊர் அதற்கு முன்பே படைமுகாம்தான். 1900இல் போயர் போர்க் கைதிகள் ஏறத்தாழ 5,000 பேரை இங்கேதான் அடைத்துவைத்தார்கள்.

மலைநாட்டுப் பந்தய மரபு பொக்ஸ் ஹில் பந்தயத்தைவிட மூத்தது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஆனால் அதில் ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு போட்டியிடுவார்கள். ஆளோடு ஆள் முட்டிக்கொள்ளும் மண்தடப் பந்தயத்தின் வேர், 1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் நடந்த ‘ஸ்கிராம்பிள்’. அமெரிக்கர்கள் 1970களில் அதை விளையாட்டரங்குக்குள் கொண்டுபோனபோது பிறந்த பெயர் சுப்பர் குரொஸ். இலங்கைக்குப் பெயர் மட்டும் வந்தது, அரங்கம் வரவில்லை. 1990களில் பொக்ஸ் ஹில்லில் பந்தயம் தொடங்கியபோது புல்வெளிச் சரிவே அரங்கமாயிற்று.

பாதி வெற்றி முதல் வளைவிலேயே தீர்மானமாகிவிடும். முந்திப் பிடித்தவனுக்குத் தடம் தெரியும். பின்னால் வருபவனுக்குப் புழுதிதான். மேடுபள்ளத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவன் இருக்கையில் உட்காருவதில்லை. மிதியில் எழுந்து நின்று, குலுக்கலை முழங்காலில் வாங்குகிறான். மேட்டிலிருந்து பறக்கும்போது எஞ்சின் வேகத்தைச் சட்டென்று குறைத்தால் முன்சக்கரம் தாழும். ஏப்ரல் பிற்பகல் இடிமழை வந்துவிட்டாலோ, காலையில் கற்ற கணக்கெல்லாம் சேற்றில் போகும். இத்தனைக்கும் பெரும்பாலோருக்கு இது பிழைப்பல்ல. கிண்ணத்துக்கும் பெயருக்கும், முன்னால் போகிறவனை விடக்கூடாது என்ற வீம்புக்குமே ஓடுகிறார்கள். வீம்புக்கும் பணம் வேண்டும். பந்தய வண்டியின் விலை, நாட்கூலியை நம்பிய தோட்டக் குடும்பத்துக்கு எட்டாதது. சுற்றுவட்டத் தோட்டத்து இளைஞனுக்குச் சரிவில் நின்று பார்க்கும் இடமே வாய்த்தது.

அந்த இடமும் பாதுகாப்பாக இருக்கவில்லை. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின், 2024 ஏப்ரல் 21 அன்று பந்தயம் மீண்டும் நடந்தது. தடத்தில் ஒரு கார் கவிழ, மற்றவர்களை எச்சரிக்க மஞ்சள் கொடி காட்டினார்கள். அப்போது வேறொரு கார் தடம் விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அன்றைய மீதிப் பந்தயங்கள் நடக்கவில்லை.