பாதியில் நின்றவருக்கும் ஒரு புத்தகம்

ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்கும் மாணவர் எந்த நாட்டவராக இருந்தாலும் மூன்று பயிற்சிகள் அவர் கைக்கு வந்து சேர்கின்றன. மனப்பாடம் செய்ய ஒரு சொற்பட்டியல், எளிய நடையில் மாற்றி எழுதிய ஒரு கதைப்புத்தகம், ஒரு பத்தியும் அதன் கீழே ஐந்தாறு கேள்விகளும். மூன்றும் ஒரே திட்டத்தின் பகுதிகள் போலத் தெரிந்தாலும் அவை பிறந்த காரணங்கள் வேறு. சொல்லை அளந்து எழுதிய கதைப்புத்தகம், அந்நிய மொழி மாணவருக்கென்று முறையாக வடிவம் பெற்றது 1920-களின் வங்காளத்தில். பள்ளியை முடிக்காமல் நின்றுவிடும் பிள்ளைக்குப் படித்ததில் என்ன மிஞ்சும் என்ற கவலையே அதற்கு வித்து. கேள்விகளோடு வரும் பத்தி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில், மாணவரின் புரிதலை அளக்கும் கருவியாக உருவானது. அளக்க வந்த கருவி காலப்போக்கில் பாடத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, வாசிப்பு சுருங்கிப்போனது. இது யாரும் தீர்மானித்துச் செய்த மாற்றமன்று. ஆனால் இதனால் அதிகம் இழந்தவர், எந்த மாணவருக்காக அந்த முறை தொடங்கியதோ அதே மாணவர்தான்.

கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் 1857-இல் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. அதன்பின் உயர்நிலைப் பள்ளியின் ஆங்கிலப் பாடம் முழுவதும் மெட்ரிகுலேஷன் தேர்வை நோக்கியே அமைந்தது. இடையில் நிற்பவரைப் பற்றி அந்த ஏற்பாடு யோசிக்கவே இல்லை. இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்து, டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட் இந்த இடத்தில்தான் கைவைத்தார். வங்காளத்தின் இருமொழி நிலையைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1926-இல் கல்கத்தாவில் வெளிவந்தது. பள்ளியில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கடைசி வகுப்பு வரை வருவதில்லை என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஆயுள் காப்பீட்டில் பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் திரும்பக் கிடைக்கும் சரண்டர் தொகையைப் போல, பாதியில் நின்ற படிப்புக்கும் ஒரு மதிப்பு இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மூன்றாண்டு ஆங்கிலம் படித்து நின்ற பையனால் பேச முடியாது, எழுத முடியாது, ஒரு புத்தகத்தைத் திறந்து படிக்கவும் முடியாது என்றால் அந்த மூன்றாண்டும் அவனிடமிருந்து பறிக்கப்பட்டவை. பேச்சு, எழுத்து, வாசிப்பு மூன்றில் எது சீக்கிரம் கைகூடும், கூடிய அளவுக்கு உடனே பயன் தரும் என்று பார்த்தால் அது வாசிப்பு. ஆகவே வாசிப்பை முதலில் வைக்க வேண்டும் என்றார்.

பிறகு அவர் வகுப்பறைப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தார். அன்றைய ரீடர்களில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, சொற்களின் தேர்வு. கதையிலும் கவிதையிலும் மட்டுமே வரும் பழைய சொற்கள் தொடக்க வகுப்பிலேயே வந்து நின்றன, அன்றாடச் சொற்கள் பின்னுக்குப் போயின. இரண்டாவது, சொற்களின் பரவல். ஒரே பக்கத்தில் புதுச்சொற்கள் கூட்டமாக வந்து இறங்கின. மாணவர் ஒரு வரி படிப்பார், நிற்பார், பொருள் கேட்பார், அடுத்த வரியில் மறுபடியும் நிற்பார். நாற்பது நிமிடப் பாடவேளையில் அரைப்பக்கம் நகரும். அது வாசிப்பே இல்லை, சொல்லுக்குச் சொல் அவிழ்க்கும் வேலை. வெஸ்ட் இரண்டையும் மாற்றினார். அரிய சொல்லை எடுத்துவிட்டு அதே பொருள் தரும் எளிய சொல்லை வைத்தார். ஏறத்தாழ ஐம்பது சொல் ஓட்டத்துக்கு ஒரு புதுச்சொல் என்று இடைவெளி விட்டார். வந்த புதுச்சொல் அடுத்தடுத்த வரிகளிலும் பின்வரும் பக்கங்களிலும் திரும்பத் திரும்ப வரும்படி எழுதினார். மாணவர் சொல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை, கதையோடு போனாலே சொல் அவரிடம் வந்து பழகிவிடும். இப்படி எழுதிய நியூ மெத்தட் ரீடர்களை 1920-களின் இரண்டாம் பாதியிலிருந்து லாங்மன்ஸ் நிறுவனம் வெளியிட்டது.

ஐம்பதுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்கத்தான் வேண்டும். நூறு சொற்களில் இரண்டு மட்டும் தெரியாதவை, தொண்ணூற்றெட்டு தெரிந்தவை என்பது அதன் பொருள். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்து, 2000-ஆம் ஆண்டில், நியூசிலாந்தில் பணிபுரிந்த பால் நேஷனும் அவருடன் ஆய்வு செய்த ஹூவும் இதே கேள்வியைச் சோதித்தார்கள். ஒரு கதையின் சொற்களில் எத்தனை விழுக்காடு தெரிந்திருந்தால் யாருடைய உதவியும் இல்லாமல் அதைப் புரிந்துகொள்ள முடியும்? 80 விழுக்காடு தெரிந்தவர்களில் ஒருவருக்கும் போதிய அளவு புரியவில்லை. 95-இல் சிலருக்குப் புரிந்தது. பெரும்பாலோர் தடையின்றிப் படிக்க 98 தேவைப்பட்டது. கணினியும் புள்ளியியலும் கொண்டு கண்ட எல்லையை, டாக்காவில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்தே ஓர் ஆசிரியர் எட்டியிருந்தார். எளிய ரீடர் மாணவரைக் குறைத்து மதித்த முயற்சி என்று சொல்பவர்கள் இந்த ஒற்றுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து சொல்லுக்கு ஒன்று தெரியாத பக்கத்தைக் கொடுத்துப் படி என்று சொல்வதுதான் மாணவரை மதிக்காத செயல்.

எந்தச் சொற்களை முதலில் கொடுப்பது என்ற கேள்வி அடுத்து வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்து எட்வர்ட் தார்ன்டைக் பல லட்சம் சொற்கள் கொண்ட நூல்களை எண்ணி, அதிகம் வரும் 10,000 சொற்களை 1921-இல் பட்டியலிட்டிருந்தார். ஆனால் அது அமெரிக்கப் பிள்ளைகளின் வாசிப்பை மனத்தில் வைத்துச் செய்தது. 1922-இல் ஜப்பான் சென்ற ஹரால்ட் பாமர் டோக்கியோவில் ஆய்வுக் கழகம் அமைத்துத் தம் பட்டியல்களை உருவாக்கினார். சார்ல்ஸ் ஆக்டன் 1930-இல் 850 சொற்களே போதும் என்று பேசிக் இங்கிலீஷை முன்வைத்தார், வெஸ்ட் அதைக் கடுமையாக மறுத்தார். இந்த வாதங்களுக்கு நடுவே 1934-இல் கார்னகி அமைப்பின் ஆதரவில் நியூயார்க்கில் ஒரு மாநாடு கூடியது. அங்கே வெஸ்ட், பாமர், தார்ன்டைக் மூவரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அந்தக் கூட்டு முயற்சி 1936-இல் இடைக்கால அறிக்கையாகவும், 1953-இல் வெஸ்ட் தொகுத்த ஜெனரல் சர்வீஸ் லிஸ்டாகவும் வடிவம் பெற்றது. சுமார் 2,000 தலைச்சொற்கள், ஒவ்வொன்றின் கீழும் அதன் பல பொருள்கள், எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு வருகிறது என்ற கணக்கு ஆகியவை அதில் இருந்தன. ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் இருக்கலாம், முதலில் எதைக் கற்பிப்பது என்று ஆசிரியருக்கு அது காட்டியது. இதற்கு முன்பே, 1935-இல், வெஸ்ட்டும் எண்டிகாட்டும் 1,490 சொற்களை மட்டும் பயன்படுத்தி 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கும் ஓர் அகராதியைச் செய்திருந்தார்கள். இன்று மாணவர்கள் புரட்டும் ஆங்கில அகராதிகளில் விளக்கம் எளிதாக இருப்பதற்கு அந்த வேலை அடித்தளம்.

பத்தியும் கேள்வியும் வந்த வழி வேறு. அதே தார்ன்டைக் 1917-இல், பத்தி ஒன்றைப் படித்துப் பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளை ஆராய்ந்து, வாசிப்பது என்பது சொற்களை எடைபோட்டுச் சிந்திப்பது என்று நிறுவினார். தவறான விடை மாணவரின் மனம் எங்கே வழுக்கியது என்பதை அவருக்குக் காட்டியது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஃபிரடெரிக் கெல்லி கன்சாஸில் மௌன வாசிப்புத் தேர்வை அமைத்தார். விடைத்தாள் திருத்துபவரின் விருப்புவெறுப்பு மதிப்பெண்ணில் புகாதபடி அதைத் திட்டமிட்டார். இரண்டு நோக்கமும் நல்லவை. சோதனை செய்து பார்க்கும் கருவியாக இருந்தவரை அதனால் கேடில்லை. ஆனால் தேர்வு பெருகப் பெருக, தேர்வில் வருவதே வகுப்பில் நடக்கும் வேலையானது. 1964-இல் தொடங்கிய டோஃபல் தேர்வில் சொல்வளத்துக்கு ஒரு பகுதி, வாசிப்புப் புரிதலுக்கு ஒரு பகுதி என்று தனித்தனியாக வைத்தார்கள். தனிச்சொல்லுக்குப் பொருள் கேட்கும் வழக்கம் அதில் 1990-களில்தான் கைவிடப்பட்டது. நம் பள்ளிகளில் முழுக் கதையைப் படிக்க வேண்டிய நான்-டீடெயில் பாடமும் இதே பாதையில் போயிற்று. கைடில் உள்ள கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் உண்டு, புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். சொற்பட்டியல் எஞ்சியது, கேள்வித்தாள் எஞ்சியது, நடுவில் இருந்த வாசிப்பு போய்விட்டது.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் உண்டு. மூன்றுக்கும் வலு இருக்கிறது. முதலாவது, வெஸ்ட் காலனிய அரசின் அதிகாரி, பட்டியல்களை உலகெங்கும் விற்றவை லண்டன் பதிப்பகங்கள், ஆங்கிலக் கல்வி ஏகாதிபத்தியத்தின் நீட்சி என்பது. ராபர்ட் ஃபிலிப்சன் 1992-இல் எழுதிய நூல் இதை விரிவாக நிறுவியிருக்கிறது. அரசும் வணிகமும் இதில் ஆதாயம் பெற்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் வெஸ்ட் மாற்ற முனைந்தது அதே காலனியக் கல்வியின் கூர்மையான அநீதி ஒன்றை: சிலரைக் கல்லூரிக்கு அனுப்புவதற்காகப் பலரின் உழைப்பை வீணாக்கும் ஏற்பாட்டை. அவர் வங்காள மொழியை அகற்றச் சொல்லவும் இல்லை. தாய்மொழியில் வாழ்ந்து, அதில் இன்னும் கிடைக்காத அறிவுக்காக ஆங்கிலத்தைப் படித்துக்கொள்ளும் இருமொழி வாழ்வையே அவர் முன்வைத்தார். ஒரு முறை எந்த ஆட்சியில் பிறந்தது என்பதும் அது யாருக்கு உதவுகிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டாவதற்கு விடை காணாமல் முதலாவதை மட்டும் சொல்லி ஒதுக்கினால், இழப்பு மறுபடியும் அந்த ஏழைப் பிள்ளைக்கே.

இரண்டாவது மறுப்பு, மொழி என்பது பேச்சு, வாசிப்பை முன்வைப்பது தலைகீழ் என்பது. பாமர் ஜப்பானில் இந்தப் பக்கமே நின்றார். சிறு வகுப்பும் சரளமாகப் பேசும் ஆசிரியரும் இருக்கும் இடத்தில் அவர் சொன்னது சரி. ஆனால் நாற்பது ஐம்பது பேர் நெருக்கி உட்காரும் வகுப்பில் ஒரு மாணவர் நாளொன்றுக்கு எத்தனை வாக்கியம் பேசிவிட முடியும்? வாசிக்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில், அவரவர் வேகத்தில் வேலை செய்கிறார்கள். இப்படிப்பட்ட வகுப்புகளுக்காகவே வெஸ்ட் 1960-இல் ஒரு நூல் எழுதினார். அதில் அவர் சொன்ன பயிற்சி ஒன்று எந்தக் கருவியும் கேட்பதில்லை. மாணவர் வரியைக் கண்ணால் படிக்கிறார், தலையை நிமிர்த்துகிறார், புத்தகத்தைப் பார்க்காமல் எதிரே இருப்பவரைப் பார்த்து அதைச் சொல்கிறார். கண்ணுக்கும் வாய்க்கும் இடையே அந்த வரியைச் சில நொடிகள் நினைவில் ஏந்தியாக வேண்டும். சொல்லும்போது அது வெறும் ஒலிப்பாக இல்லாமல் ஒருவரிடம் பேசுவதாகிவிடுகிறது. வாசிப்பிலிருந்து பேச்சுக்குப் போகும் வழியையும் அவர் திறந்தே வைத்திருந்தார்.

மூன்றாவது மறுப்பு, எளிமையாக்கினால் இலக்கியம் செத்துவிடும், பட்டியலும் பழசாகிவிடும் என்பது. சுருக்கிய கதையில் மூலத்தின் நடை இராது, அது உண்மை. ஆனால் அந்தப் புத்தகம் மூலத்துக்கு மாற்றாக வைக்கப்பட்டதில்லை, மூலத்தைப் படிக்கும் தெம்பு வரும்வரை படிக்க வைக்கப்பட்டது. பட்டியலின் எல்லையும் உண்மையே. 2000-இல் அவெரில் காக்ஸ்ஹெட் கல்வித்துறை நூல்களை ஆராய்ந்தபோது, வெஸ்ட்டின் பட்டியல் அவற்றின் சொல் ஓட்டத்தில் ஏறத்தாழ 76 விழுக்காட்டையே தழுவியது. அவர் சேர்த்த 570 சொற்குடும்பங்கள் மேலும் 10 விழுக்காட்டைத் தந்தன. இரண்டையும் கற்றவருக்கும் பாடநூலில் ஏழு சொல்லுக்கு ஒன்று தெரியாமல் போகும். ஆகவே பட்டியலை முடித்ததும் படிப்பு முடிந்தது என்று யாரும் சொல்லக் கூடாது. காலத்துக்கேற்ப அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். 2013-இல், 27 கோடிச் சொற்களுக்கு மேல் கொண்ட தொகுப்பிலிருந்து புதிய பொதுப் பட்டியல் ஒன்று உருவாக்கப்பட்டது. இவை அந்த முறையை மேம்படுத்தச் சொல்லும் காரணங்கள். கைவிடச் சொல்லும் காரணங்கள் இவற்றில் இல்லை.

வகுப்பிலிருந்து போய்விட்ட வாசிப்பை மீட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1980-இல் ஃபிஜித் தீவுகளின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வார்விக் எல்லியும் ஃபிரான்சிஸ் மங்குபாயும் ஒரு சோதனை நடத்தினார்கள். சில பள்ளிகளுக்கு ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் 250 கொடுக்கப்பட்டன. மற்றவை வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பப் பயிற்றும் வழக்கமான பாடத்தைத் தொடர்ந்தன. ஓராண்டில், கதை படித்த பிள்ளைகள் வாசிப்பில் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். அடுத்த ஆண்டு எழுத்திலும் அந்த முன்னேற்றம் தெரிந்தது. செலவு சில அலமாரிப் புத்தகங்கள், வகுப்பில் தினமும் சற்று நேரம். கேள்வித்தாள் ஆண்டுக்குச் சில முறை வந்து அளந்துவிட்டுப் போகட்டும். சொற்பட்டியல் ஆசிரியரின் மேசையில், எந்தப் புத்தகம் யாருக்கு ஏற்றது என்று தேர்ந்தெடுக்கும் வழிகாட்டியாக இருக்கட்டும். மாணவரின் கையில் இருக்க வேண்டியது, பக்கத்துக்கு நான்கைந்து புதுச்சொல்லோடு இறுதிவரை படித்து முடிக்கக்கூடிய ஒரு கதை. எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைக்கும் ஒரு முழு ஆங்கிலப் புத்தகத்தைத் தானாகப் படித்து முடிக்கும் திறன் கிடைத்திருக்க வேண்டும். அது கிடைத்ததா என்பதை வைத்தே நம் ஆங்கிலப் பாடத்தின் வெற்றியை அளக்க வேண்டும்.