பீப்பாய் ஆலையில் ஒரு தெரு

ஓர் ஆலை ஓய்ந்தால் அதனைச் சுற்றியுள்ள ஊரும் ஓய்ந்துபோகிறது. சங்கொலி கேட்டு விழித்த தெருக்கள் பூட்டிய வாயிலையும் நீண்ட மதிலையும் பார்த்து நிற்கின்றன. அத்தகைய இடத்தை மீண்டும் ஊரோடு சேர்ப்பது எங்ஙனம்? இடித்துவிட்டுப் புதிது கட்டுக என்பதே பெரும்பாலார் விடை. அவ்விடையை மறுத்து எழுந்த ஒரு கட்டடத்தின் வரலாற்றை ஆசிரிய அன்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ பெருநகரில் பொம்பேயா என்பது ஆலைகள் நிறைந்திருந்த பகுதி. அங்கே 1938-இல் ஒரு பீப்பாய் ஆலை எழுந்தது. பிற்காலத்தில் குளிர்பதனப் பெட்டிகளும் அதில் செய்யப்பட்டன. ஆலை ஓய்ந்தபின், 1971-இல் செஸ்க் என்னும் அமைப்பு அவ்விடத்தை வாங்கியது. வணிக நிறுவனங்கள் தம் சம்பளத் தொகைக்கேற்பச் செலுத்தும் பங்கைக்கொண்டு ஊழியர் நலம் பேண 1946-இல் தோன்றிய அமைப்பு அது. பழைய கொட்டகைகளை அகற்றிவிட்டுப் புதுக்கட்டடம் எழுப்புவதே அதன் முதல் எண்ணம்.

பின்னர் அப்பணி லீனா போ பார்டி என்னும் அம்மையாரிடம் வந்தது. 1914-இல் உரோமில் பிறந்து, அங்கேயே கட்டடக் கலை பயின்று, 1946-இல் பிரேசிலில் குடியேறியவர். முதல்முறை சென்றபோது ஆலையின் மெலிந்த கான்கிரீட் சட்டகமும் செங்கற்சுவரும் அவர் மனத்தைக் கவர்ந்தன. மறுமுறை சென்றது ஒரு சனிக்கிழமை. ஆளற்ற கொட்டகை என்று எண்ணிய இடத்தில் ஊரே திரண்டிருந்தது! ஒழுகும் கூரையின் கீழ்ச் சிறுவர் நீரில் பந்து உதைத்தனர், தாய்மார் உணவு ஆக்கினர், ஒருபுறம் பொம்மலாட்டம். இம்மகிழ்ச்சி இவ்வாறே தொடர வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

இவ்விடத்தில் என் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்துப் பழைய ரப்பர் ஆலையை இடிக்க முனைந்தபோது, பாம்பு அடையும் இடம் ஒழிந்தது என்று நானும் தலையசைத்தேன். மழைநாளில் என் மாணவர்கள் எங்கே விளையாடினார்கள் என்பது இடித்த பிறகே எனக்குத் தெரிந்தது. அம்மையார் சனிக்கிழமை சென்று பார்த்ததை, நாள்தோறும் அவ்வழியே நடந்த நான் பார்க்கவில்லை.

நிற்க. அவர் செய்தது என்ன? சுவரின் பூச்சை உரித்துச் செங்கல்லை வெளிக்காட்டினார். கொட்டகைகளுக்கு இடையே கல் பாவிய பாதையைத் தெருவாகவே விட்டார். வாயிலில் நுழைந்தவர் அத்தெருவில் நடந்து நூலகத்துக்கும், நாடக அரங்குக்கும், மட்பாண்டம் முதலிய கைத்தொழிற் கூடங்களுக்கும், உணவுச்சாலைக்கும் செல்லலாம். பெருங்கூடத்துள் வளைந்து செல்லும் ஒரு நீர்த்தடமும், குளிர்காய ஓர் அடுப்பும் உண்டு. இப்பகுதி 1982-இல் திறக்கப்பட்டது. நாடு அன்று இராணுவ ஆட்சியில் இருந்தது. மக்கள் கட்டுப்பாடின்றிக் கூடியிருக்க ஓர் இடம் கிடைத்தது சிறு செய்தியன்று.

விளையாட்டுக் கூடங்களுக்கு இடம் தேடியபோதுதான் இடர் வந்தது. எஞ்சிய நிலத்தின் அடியில் மூடப்பட்ட ஓர் ஓடை செல்கிறது. அதன்மேல் கட்டடம் எழுப்பலாகாது. அம்மையார் ஓடையின் இருமருங்கும் இரண்டு கான்கிரீட் கோபுரங்களை எழுப்பினார். ஒன்றில் நீச்சல் குளமும் ஆடுகளங்களும். மற்றொன்றில் உடைமாற்றும் அறைகள். இரண்டையும் வானில் எட்டுப் பாலங்கள் இணைக்கின்றன. பந்தாடச் செல்பவன் நகரத்தை நோக்கியபடி காற்றில் நடந்தே தீர வேண்டும்! ஆடுகளச் சுவர்களில் குகைவாய் போன்ற ஒழுங்கற்ற துளைகளே சாளரங்கள், கண்ணாடி கிடையாது. அருகில் சுமார் 70 மீட்டர் உயரத்தில் ஒரு நீர்த்தொட்டிக் கோபுரம், பழைய ஆலைப் புகைபோக்கியை நினைவூட்டி நிற்கிறது. அழகற்றது என்று இவற்றைப் பழிப்பாரும் உளர். முதற்பார்வையில் எனக்கும் படங்கள் அவ்வாறே தோன்றின. பாலங்களின் காரணம் அறிந்தபின் அப்படித் தோன்றவில்லை.

விளையாட்டுப் பகுதி 1986-இல் நிறைவுற்றது. அம்மையார் 1992-இல் மறைந்தார். ஓடையின்மேல் அவர் விரித்த நீண்ட மரப்பலகைத் தளத்தில் ஊரார் வெயில் காய்கின்றனர். கடல் இல்லாத அந்நகரத்தார் அதனைக் கடற்கரை என்றே அழைக்கின்றனர்.