மாரியப்பன் தாண்டிய உயரமும் பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணும்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பேருந்து மோதி வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்தப் பையன்தான் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார்.

ஆனால் பதக்கப் பட்டியலில் அவர் போட்டிக்குப் பக்கத்தில் இருந்த "டி-42" என்ற குறியீட்டை எத்தனை பேர் கவனித்தோம்? ஐந்து ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் அதே போட்டி "டி-63" ஆகிவிட்டது. அது ஏன்?

இந்தக் கதை 1948ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தொடங்குகிறது. போரில் முதுகுத்தண்டு அடிபட்ட 16 பேருக்கு டாக்டர் லுட்விக் குட்மன் ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதுவே வளர்ந்து 1960ல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக் ஆனது. அப்போது பிரிவுகளை முடிவு செய்தது மருத்துவச் சீட்டுதான். தண்டுவடத்தில் எந்த இடத்தில் அடி என்பதுதான் கேள்வி. 1976ல் கை கால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் வந்து சேர்ந்தபோது பிரிவுகள் பெருகின. பிரிவு அதிகமானால் ஒவ்வொன்றிலும் ஆள் குறையும். ஆள் இல்லாவிட்டால் போட்டி ஏது?

அதனால் கேள்வியே மாறியது. "உனக்கு என்ன நோய்?" என்பது போய், "இந்த விளையாட்டில் உன் உடம்பு எவ்வளவு செய்யும்?" என்பது வந்தது.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள குதிரைப் போட்டியைப் பார்க்கலாம். டிரெஸ்ஸாஜ் என்பது வேகப் பந்தயம் அல்ல. குதிரையைச் சொன்னபடி, சீராக நடக்கவும் ஓடவும் வைத்துக் காட்டும் போட்டி. டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் 1944ல் போலியோவால் பாதிக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே செயலில்லை. குதிரை மேல் ஏறவும் இறங்கவும் ஆள் வேண்டும். ஆனாலும் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் எந்தக் குறையும் இல்லாத ஆண்களோடு மோதி வெள்ளி வென்றார்!

எல்லோரும் ஹார்ட்டல் ஆக முடியுமா? 1996 அட்லாண்டாவில் இந்தப் போட்டி பாராலிம்பிக்கில் சேர்ந்தது. வீரரின் தசை வலு, மூட்டு அசைவு, உடல் ஒத்திசைவு ஆகியவற்றைச் சோதித்து தரம் பிரிக்கிறார்கள். இப்போது ஐந்து தரங்கள். முதல் தரத்தில் குதிரை நடந்தால் போதும். மூன்றாம் தரத்தில் துள்ளுநடையும் உண்டு. நான்கிலும் ஐந்திலும் பாய்ச்சலும் சேரும். போலியோவா, விபத்தா, பிறவிக் குறையா என்பது முக்கியமில்லை. சேணத்தின் மேல் உட்கார்ந்து என்ன செய்ய முடியும் என்பதே கணக்கு.

தடகளத்திலும் அப்படியே. டோக்கியோவில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களைப் பாருங்கள். தங்கம் வென்ற அமெரிக்காவின் சாம் க்ரூ புற்றுநோயால் காலை இழந்து செயற்கைக் காலோடு தாண்டுபவர். வெள்ளி வென்ற மாரியப்பனுக்கு விபத்து. வெண்கலம் வென்ற சரத் குமாருக்கு போலியோ. மூன்று காரணம், ஒரே கம்பி.

2018ல் செயற்கைக் கால் அணிந்து போட்டியிடுபவர்களுக்கு 61 முதல் 64 வரை புதிய எண்கள் கொடுத்தார்கள். செயற்கைக் கால் இல்லாத மாரியப்பன் டி-42லேயே இருந்தார். ஆனால் இரு பிரிவினரும் டி-63 என்ற பெயரில் ஒரே போட்டியில் தாண்டுகிறார்கள். இது நியாயமா? ரியோவில் மாரியப்பன் க்ரூவை வென்றார். டோக்கியோவில் க்ரூ வென்றார். 2024 பாரிஸில் செயற்கைக் காலுடைய எஸ்ரா ஃப்ரெக் 1.94 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார், மாரியப்பனுக்கு வெண்கலம். டோக்கியோவில் மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்து தாண்டச் சிரமமானது என்று மாரியப்பன் சொன்னார். அதையெல்லாம் எந்த எண்ணும் கணக்கில் எடுக்காது.

குறை இருக்கிறது என்பதற்காக பிரிவுகளே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? 2000 சிட்னியில் அறிவுசார் குறைபாடு உடையோருக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வென்றது. அந்த அணியின் 12 பேரில் 10 பேருக்கு அந்தக் குறைபாடே இல்லை என்பது பிறகு தெரியவந்தது. பதக்கம் பறிபோனது. அதோடு முடியவில்லை. சரியாகச் சோதிக்கும் முறை இல்லை என்று அந்தப் பிரிவினர் எல்லோருக்குமே 2004, 2008 பாராலிம்பிக் கதவுகள் மூடப்பட்டன. புதிய சோதனை முறைகளோடு 2012 லண்டனில்தான் திறந்தன. 2024 பாரிஸில் தெலங்கானாவின் தீப்தி ஜீவான்ஜி டி-20 பிரிவில் 400 மீட்டர் ஓடி வெண்கலம் வென்றது அந்தக் கதவு வழியாகத்தான்.

மாரியப்பனை உயரம் தாண்டத் தூண்டியவர் அவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் போனால் வரும் பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயா வளாகத்தில் உடற்கல்வியும் சிறப்புக் கல்வியும் பாடங்கள். அப்படிப் படித்து வரும் ஆசிரியர்கள் எல்லாப் பள்ளிக்கும் போகிறார்கள். விளையாட்டு விழா அன்று ஓரமாக உட்கார்ந்து கைதட்டும் ஒரு மாணவனிடம் "உன்னால் என்ன முடியாது?" என்று கேட்காமல் "என்ன முடியும்?" என்று கேட்டால் போதும். அந்த எண்களும் எழுத்துகளும் இத்தனை ஆண்டுகளாகக் கேட்க முயல்வது அதைத்தான்.