கரண்ட் போனதால் பிழைத்த கம்பெனி

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது தாராவி நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். தோல் பை தொழில் செய்கிறார். ஆபீஸில் நாலு கம்ப்யூட்டர், எல்லாம் ஒரே நெட்வொர்க். "ஆன்டிவைரஸுக்கு வருஷா வருஷம் காசு கட்டறேனே சார், அப்புறம் பேக்கப் வேற எதுக்கு?" என்று கேட்டார். காபி குடித்தபடி அவருக்குச் சொன்ன கதைதான் இது.

நம்ம செம்பூரிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நவஷேவா துறைமுகத்தில், ஜி.டி.ஐ. முனையத்தின் கணினிகள் 2017 ஜூன் 27 அன்று முடங்கின. எந்தக் கன்டெய்னர் யாருடையது என்று சொல்ல சிஸ்டம் இல்லை. ஆட்களை வைத்துக் கையால் வேலை பார்க்க வேண்டியதாயிற்று.

வினை வந்தது உக்ரைனிலிருந்து! அங்கே கம்பெனிகள் வரிக்கணக்குக்கு வைத்திருந்த எம்.ஈ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட்டுக்குள் நாட்பெட்யா என்ற வைரஸை நுழைத்துவிட்டார்கள். நம்ம டாலிக்கு வரும் அப்டேட்டில் விஷம் கலந்த மாதிரி. மெர்ஸ்க் கப்பல் கம்பெனியின் உக்ரைன் ஆபீஸில் அந்த மென்பொருள் இருந்தது. ஜி.டி.ஐ. அதே குழுமத்தின் கூட்டு நிறுவனம். அந்த வழியாக மும்பை வரை வந்துவிட்டது.

ஆன்டிவைரஸ் இல்லாமலா இருந்திருக்கும்? விஷயம் இதுதான். ஆன்டிவைரஸ் பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் திருடன் போட்டோ மாதிரி. தெரிந்த முகத்தைப் பிடிக்கும். இவன் புதுமுகம், அதுவும் நம்பிக்கையான ஆள் கூட வந்தவன். விண்டோஸில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே ஒட்டு கொடுத்துவிட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வானாக்ரை வந்து உலகத்தையே எச்சரித்தும் போனது. அதற்குப் பிறகும் ஒட்டுப் போடாதவர்கள் இருந்தார்கள். ஒட்டுப் போட்ட கணினிகளும் முழுசாகத் தப்பவில்லை. ஒரு கணினியில் அட்மின் பாஸ்வேர்டைத் திருடி, அதை வைத்துப் பக்கத்துக் கணினிக்குள் போகவும் இந்த வைரஸுக்குத் தெரியும். 300 டாலர் கேட்டது, ஆனால் கட்டினாலும் ஃபைல் திரும்பாது.

மெர்ஸ்க் 45,000 கணினிகளிலும் 4,000 சர்வர்களிலும் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள்.

யார் எந்தக் கணினிக்குள் போகலாம் என்ற மொத்தப் பேரேட்டையும் வைத்திருந்த சர்வர்கள் சுமார் 150. ஒன்றுக்கொன்று நகல் என்று நம்பி விட்டுவிட்டார்கள். எல்லாம் ஒரே வலையில் இருந்ததால் எல்லாமே அழிந்தன, ஒன்றைத் தவிர. கானா நாட்டில் அந்த நேரம் கரண்ட் இல்லை! ஊரில் மின்வெட்டு என்றால் எவ்வளவு திட்டியிருப்போம்? அங்கே அதுதான் காப்பாற்றியது. அந்த ஹார்ட் டிஸ்க்கை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக கானா ஊழியர்களிடம் விசா இல்லை. ஒருவர் நைஜீரியா வரை பறந்து, அங்கிருந்து போகும் இன்னொருவர் கையில் கொடுத்தார். வெளியூரில் பிழைக்கும் நமக்கு விசா கஷ்டம் புரியாதா என்ன.

நான் பி.காம். படித்த வங்கிக்காரன். இரும்புப் பெட்டியின் இரண்டு சாவியையும் ஒரே ஆளிடம் கொடுக்கக் கூடாது என்பது நாங்கள் முதலில் கற்கும் பாடம். நகலும் அப்படித்தான்.

நண்பர் மறுநாளே போன் பண்ணினார். "ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டேன் சார், சர்வர்லயே செருகி வச்சிருக்கேன்."

"கழட்டுங்க முதல்ல! பேக்கப் எடுத்ததும் வீட்டு பீரோவில் வைங்க. மாசம் ஒரு தடவை ஃபைல் திறக்குதான்னு பாருங்க."